நாள்பிறழ்வும் நடுவுநிலையும்: கத்தோலிக்க – புராட்டஸ்டண்டுப் பூசலைக் காட்டும் வரலாற்றுத் திரைப்படங்கள் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

பதினாறாம் நூற்றாண்டில் மேலைக் கிறித்தவம் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்டு என இரண்டாகப் பிளவுபட்டது. அப்பிளவு விளைவித்த குருதிப் பெருக்கைத் திரைப்படம் தன் இளமைக் காலத்திலேயே கைக்கொண்டது. 1916இல் கிரிஃபித் இயக்கிய ‘இன்டாலரன்ஸ்’ படத்தின் நான்கு கதைகளுள் ஒன்று, 1572இல் பாரிசில் நிகழ்ந்த புனித பர்த்தலமேயு நாள் படுகொலையைப் பற்றியது. அதன் பின்னர் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ (1966), ‘குரோம்வெல்’ (1970), ‘லா ரெய்ன் மார்கோ’ (1994), ‘எலிசபெத்’ (1998), ‘லூத்தர்’ (2003), ‘எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்’ (2007), ‘மேரி குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்’ (2018) எனப் படங்கள் தொடர்ந்து வந்துள்ளன.

இப்படங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் கல்விச் சூழலில் உலவுகின்றன. திரைப்படம் கலை, அதில் வரலாற்றுப் பிழை தேடுவது சிறுமை என்பது ஒன்று. இப்படங்கள் மதவெறியைக் கண்டிக்கின்றன. ஆகவே பல சமயத்தார் வாழும் இந்தியா போன்ற நாட்டில் இவை நல்லுணர்வையே வளர்க்கும் என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் ஏற்கத்தக்கன அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். பிழைகளின் எண்ணிக்கை இங்குச் சிக்கலன்று; அவை சாயும் திசையே சிக்கல். மதவெறியைக் கண்டிப்பதாகத் தோன்றும் படம், ஒரு சமயத்தாரின் வெறியை மட்டும் வெறி என்றும் மற்றவரின் வெறியை அரசுநீதி என்றும் பெயரிடுமாயின், அது நல்லுணர்வை வளர்ப்பதாகாது.

காலவரிசை மாற்றமும் காரண மாற்றமும்

சேகர் கபூர் இயக்கிய ‘எலிசபெத்’ படத்தை முதற்கண் எடுத்துக்கொள்ளலாம். இந்திய இயக்குநர் ஒருவர் ஆங்கிலேய வரலாற்றைப் படமாக்கி, ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றார் என்ற பெருமிதத்தில், அப்படம் என்ன சொல்கிறது என்ற வினா இந்நாட்டில் போதிய அளவு எழவில்லை.

படம் 1554 என்ற ஆண்டுக் குறிப்புடன் தொடங்குகிறது. மூவர் தலை மழிக்கப்பட்டு, ஒரே கம்பத்தில் கட்டப்பட்டு எரிக்கப்படுகின்றனர். அவருள் ஒருவர் ரிட்லி. வரலாற்றில், சமய மறுப்பாளரை எரிக்க வகைசெய்யும் பழைய சட்டங்கள் 1554இன் இறுதியில்தான் நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டன. முதல் எரிப்பு 1555 பிப்ரவரியில் நிகழ்ந்தது. ரிட்லியும் லாட்டிமரும் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டது 1555 அக்டோபரில். ஓராண்டு வேறுபாடு தன்னளவில் சிறிதே. எனினும் படத்தின் மற்ற மாற்றங்களோடு சேர்த்து நோக்கும்போதுதான் அதன் பொருள் புலப்படுகிறது.

பேராயர் கார்டினர் 1555 நவம்பரில் இறந்தார். எலிசபெத் அரியணை ஏறியது 1558 நவம்பரில். படத்திலோ மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த அப்பேராயர் உயிரோடு வந்து, புதிய அரசிக்கு எதிராக அவையில் முழங்குகிறார். ஜான் பல்லார்டு என்னும் குரு பாபிங்டன் சதியில் தொடர்புற்று 1586இல் தூக்கிலிடப்பட்டவர். படத்திலோ அவர் ஆட்சியின் தொடக்கத்திலேயே ரோமிலிருந்து அனுப்பப்படும் கொலைஞர். எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்களை அவருக்குக் கீழ்ப்படியும் கடமையினின்று விடுவித்த போப்பின் ஆணை 1570 பிப்ரவரியில் வெளிவந்தது. படம் அதனையும் இளைய அரசியின் முதல் நெருக்கடிகளோடு இணைத்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கீஸ் குடும்பத்து மேரி 1560இல் எடின்பரோவில் நோயால் இறந்தார். படம் அவரை வால்சிங்கத்தின் கையால் இறந்தவராகக் குறிப்புணர்த்துகிறது.

இம்மாற்றங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு முறைமை தெரிகிறது. வரலாற்றின் வரிசை பின்வருமாறு: 1559இல் வழிபாட்டுச் சீர்மைச் சட்டம் வந்தது, பிரபுக்கள் அவையில் மூன்றே வாக்கு வேறுபாட்டில் அது நிறைவேறியது, எதிர்த்த பேராயர் இருவர் அதற்கு முன்பே சிறை வைக்கப்பட்டிருந்தனர், ஆலயத்திற்கு வாராதோர் வாரந்தோறும் 12 பென்சு தண்டம் செலுத்த நேர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1569இல் வடபுல எழுச்சி நிகழ்ந்தது. அது நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிட்டு ஒடுக்கப்பட்டது. அதன் பின்னரே போப்பின் ஆணை. அதற்கும் பின்னரே கொலைச் சதிகள். படத்தின் வரிசையோ இதற்கு நேர்மாறானது. கொலைஞர் முதலில் வருகின்றனர். அரசு பின்னர்த் தற்காத்துக்கொள்கிறது. நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றும்போது காரண காரியமும் மாறிவிடுகிறது. சட்டத்தால் ஒடுக்கப்பட்டவர், ஒடுக்குமுறைக்குக் காரணமானவராகக் காட்சி தருகிறார்.

1570 ஆணை கத்தோலிக்கரின் பற்றுறுதியை உண்மையாகவே ஐயத்திற்கு உள்ளாக்கியது என்பதும், மேரி டியூடரின் ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் எரிக்கப்பட்டனர் என்பதும் மறுக்கவியலாதவை. அவருள் பெரும்பாலோர் நெசவாளர், கைவினைஞர் முதலிய எளிய மக்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். இவ்வுண்மையைக் காட்ட எந்த நாளையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை. உண்மையே போதுமான அளவு கொடியதாக இருக்கும்போது அதனை மாற்றியமைப்பது ஏன் என்பதே வினா.

சட்டம் மறைதலும் சதி நிற்றலும்

இவ்வரிசையின் இரண்டாம் படமான ‘தி கோல்டன் ஏஜ்’ 1585இல் தொடங்குகிறது. ஸ்பெயின் அரசர் பிலிப்பு ஐரோப்பாவைப் புனிதப் போரில் ஆழ்த்திவிட்டார் என்றும், இங்கிலாந்து மட்டுமே அவரை எதிர்த்து நிற்கிறது என்றும் தொடக்க வாசகம் அறிவிக்கிறது. டச்சு மாகாணங்கள் 1568 முதலே ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டு வந்தன. 1585 ஆகஸ்டில் இங்கிலாந்து செய்தது, ஏற்கெனவே போரிட்டுக்கொண்டிருந்த அவர்களுக்குத் துணைப்படை அனுப்ப உடன்படிக்கை செய்ததே. ஒரு வாக்கியத்தில் ஒரு நாட்டின் போராட்டமே அழிக்கப்பட்டுவிட்டது.

இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. நம்பிக்கைக்காக எவரையும் தண்டிப்பதில்லை, செயலுக்காகவே தண்டிப்பேன் என்னும் பொருள்பட எலிசபெத் இப்படத்தில் பேசுகிறார். பார்வையாளர் அவரைச் சமயப் பொறையின் முன்னோடியாகக் கொள்கின்றனர். அதே 1585இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர் இங்கிலாந்தில் இருப்பதையே அரசத்துரோகம் ஆக்கியது. அவருக்குத் தங்க இடம் தருவதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதற்கு முன், 1581இன் சட்டம் ஆலயத்திற்கு வாராதோர்க்குரிய தண்டத்தை மாதம் 20 பவுண்டாக உயர்த்தியிருந்தது. 1586 மார்ச்சு மாதத்தில் யார்க்கு நகரில் மார்கரெட் கிளித்தரோ என்னும் இல்லத்தரசி, குருமார்க்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்காட மறுத்தமையால், உடல்மீது பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவர் செய்தது செயலா, நம்பிக்கையா என்று படத்தைப் பார்த்தவர் கேட்க வழியே இல்லை. ஏனெனில் படத்தில் அவர் இல்லை. அந்தச் சட்டமும் இல்லை. அங்கு இருப்பவை இருண்ட மாளிகையில் ஜெபிக்கும் பிலிப்பும், மறைவிடங்களில் குசுகுசுக்கும் சதிகாரரும், கடலில் மூழ்கும் சிலுவைகளும் மட்டுமே.

எலிசபெத்தின் ஆட்சியில் 180க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் கொல்லப்பட்டனர். மேரியின் ஆட்சியில் மாண்டோர் சமய மறுப்பாளர் என்ற பெயரால் எரிக்கப்பட்டனர். எலிசபெத்தின் ஆட்சியில் மாண்டோர் துரோகிகள் என்ற பெயரால் தூக்கிலிட்டுக் கூறிடப்பட்டனர். குற்றத்தின் பெயரை மாற்றியதே பின்னைய அரசின் திறமை. அந்தப் பெயர் மாற்றத்தை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வினவாமல் ஏற்றுக்கொண்டதே இப்படங்களின் குறை. சிறுபான்மைச் சமயத்தார் அயல் அதிகாரத்தின் கையாள் என்னும் வாய்பாடு எத்தனை எளிதில் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குப் பெயர்த்து நடப்படத்தக்கது என்பதை இந்தியப் பார்வையாளர்க்கு விளக்க வேண்டியதில்லை. சமயப் பொறையைப் போற்றுவதாகக் கருதி அவர்கள் கைதட்டும் படம், அந்த வாய்பாட்டையே அவர்கள் மனத்தில் பதிக்கிறது.

எதிர்த்தரப்புப் பிழை

கத்தோலிக்கர்க்கு மட்டுமே அநீதி இழைக்கப்படுகிறது என்று கூறுவது மற்றொரு சார்பாகிவிடும். ராபர்ட் போல்ட்டின் நாடகத்தை ஒட்டி ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. தாமஸ் மோர் அதில் மனச்சான்றின் உருவம். அரசனின் விருப்பத்திற்கு வளையாமல் 1535இல் உயிர் துறந்த அவரது உறுதி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் 1529 முதல் 1532 வரை அவர் சான்சலராக இருந்த காலத்தில் சமய மறுப்பாளர் ஆறு பேர் எரிக்கப்பட்டனர். அத்தகையோரைத் தேடிப் பிடிப்பதில் அவர் ஈடுபாடு காட்டினார். எரிப்பு நீதியே என்று எழுதியும் வாதிட்டார். தன் மனச்சான்றுக்கு உரிமை கேட்ட ஒருவர், பிறர் மனச்சான்றுக்கு அவ்வுரிமையைத் தரவில்லை. இம்முரண் மோரைச் சிறுமைப்படுத்தாது. அவரை அவர் காலத்து மனிதராக்கும். படமோ அவரை இருபதாம் நூற்றாண்டின் தனிமனித உரிமையாளராக்கிவிட்டது.

ஹிலாரி மாண்டலின் புதினத்தை ஒட்டி 2015இல் வந்த ‘வுல்ஃப் ஹால்’ தொலைக்காட்சித் தொடர் இதற்கு விடையிறுப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தராசின் மறுதட்டை அழுத்துகிறது. மோர் இரக்கமற்றவராகவும், தாமஸ் குரோம்வெல் நிதானமும் மென்மையும் கொண்டவராகவும் அங்குக் காட்சி தருகின்றனர். 1535இல் லண்டன் கார்த்தூசியத் துறவியர் கொல்லப்பட்டது அதே குரோம்வெல்லின் நிர்வாகத்தில் என்பதைக் கதையின் அனுதாபம் எட்டுவதில்லை. ஆலிவர் குரோம்வெல்லைப் பற்றிய 1970ஆம் ஆண்டுப் படமோ இன்னும் வெளிப்படையானது. மக்களாட்சியின் காவலராக அவரைப் போற்றும் அப்படம், 1649இல் அயர்லாந்தின் டிரோகெடாவிலும் வெக்ஸ்போர்டிலும் அவரது படை நிகழ்த்திய படுகொலைகளை விட்டுவிட்டது. ‘லூத்தர்’ படத்தின் செலவில் ஒரு பகுதியை லூத்தரன் சபையாரின் நிதி நிறுவனம் ஒன்று ஏற்றது. அப்படம் 1530இல் முடிந்துவிடுவதால், 1543இல் லூத்தர் யூதர்க்கு எதிராக எழுதிய கொடிய நூல் சட்டகத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது. கதையை எங்கு நிறுத்துவது என்பதும் ஒரு தீர்ப்பே.

அரண்மனையும் தெருவும்

பத்ரீஸ் ஷெரோ இயக்கிய ‘லா ரெய்ன் மார்கோ’ இப்படங்களுள் கலைநயத்தால் உயர்ந்தது. 1572 ஆகஸ்டு 18இல் மார்கோவுக்கும் நவார் அரசர் ஆன்றிக்கும் நடந்த திருமணம், ஆறாம் நாள் படுகொலையாக முடிந்ததைக் காட்டும் அப்படம், இரு சமயத்தாரையும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தீட்டவில்லை. ஆடை களையப்பட்ட பிணங்கள் குவிந்து கிடக்கும் காட்சிகள், போஸ்னியாவில் போர் நடந்த ஆண்டுகளில் அப்படத்தைக் கண்டோர்க்கு வேறு நினைவுகளையும் எழுப்பியிருக்கும்.

எனினும் அதன் குறை வேறிடத்தில் உள்ளது. தூமாவின் 1845ஆம் ஆண்டுப் புதினத்தைப் பின்பற்றுவதால், படுகொலைக்கான காரணம் அரண்மனையின் ஓர் அறையில், ஒரு தாய்க்கும் அவள் மக்களுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. தெருவில் கொன்றவர் எவர், எதனால் கொன்றனர் என்ற வினா எழுவதில்லை. 1973இல் வெளிவந்த நாதலி சேமன் டேவிசின் ஆய்வு, இத்தகைய கும்பல் வன்முறை தற்செயல் வெறியன்று எனவும், சமயச் சடங்குகளையும் நீதிமன்ற நடைமுறைகளையும் பின்பற்றி, ஊரின் தீட்டைக் கழுவுவதாக நம்பி நிகழ்த்தப்பட்டது எனவும் நிறுவியது. பார்பரா டீஃபன்டார்ஃபின் 1991ஆம் ஆண்டு நூல், பாரிசின் மறையுரைகளும் நகரக் காவற்படையும் அண்டை வீட்டாரின் பகையும் எவ்வாறு பல ஆண்டுகள் அந்நாளுக்கு வழி வகுத்தன என்று காட்டியது. படுகொலை பாரிசோடு நிற்கவுமில்லை. ஓர்லியன், லியோன், ருவான், போர்தோ, துலூஸ் முதலிய நகரங்களுக்கு அக்டோபர் வரை பரவியது. அந்நகரங்களில் காத்தரின் அரசி இல்லை. அண்டை வீட்டார் இருந்தனர்.

பழியை ஒரு நச்சுத் தாயின்மேல் ஏற்றும் கதை கேட்போர்க்கு ஆறுதல் தருகிறது. கொலை மேலே உள்ளவரின் சூழ்ச்சி. கீழே உள்ளவர் ஏமாந்தவர் என்பது அவ்வாறுதல். சமயக் கலவரங்களைப் பற்றிய நம் காலத்துப் பொதுப்பேச்சும் பெரும்பாலும் இவ்வாறுதலையே நாடுகிறது.

மறுப்பும் விடையும்

இரண்டு மணி நேரத்தில் நாற்பதாண்டுகளைச் சொல்ல வேண்டுமாயின் சுருக்கம் இன்றியமையாதது என்பர். சுருக்கம் வேறு, சாய்வு வேறு. ஒரு படைப்பு தன் தேவைக்காக நாள்களை மாற்றினால், அம்மாற்றங்கள் பல திசைகளிலும் சிதறியிருக்கும். எல்லா மாற்றங்களும் ஒரே தரப்பின் குற்றத்தைப் பெருக்குமாயின், அது சுருக்கத்தின் விளைவன்று.

இலக்கியத்திலும் இவ்வாறே உள்ளதன்றோ என்பர். உள்ளது. ‘எலிசபெத்’ படத்தின் முதற்காட்சி எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1563இல் ஜான் ஃபாக்ஸ் வெளியிட்ட மறைசாட்சியர் வரலாற்றை அடையலாம். தீ நடுவே நின்று இறைவனைப் போற்றும் மறைசாட்சியர், அதைக் கண்டு மகிழும் குருமார் என்னும் சட்டகம் அந்நூலுடையது. 1571இல் அந்நூலைப் பேராலயங்கள்தோறும் வைக்குமாறு ஆங்கிலத் திருச்சபை ஆணையிட்டது. அடியார் வரலாறு என்னும் இலக்கிய வகையே இங்கு வரலாற்றின் உடை அணிந்து நிற்கிறது. சம்பந்தர் வரலாற்றில் வரும் சமணர் கழுவேற்றச் செய்தியை, எக்காலத்தில், எவர், எத்தரப்பினர்க்காக எழுதினார் என்று வினவிப் படிக்கத் தமிழ்ப் புலமையுலகம் பழகியுள்ளது. அதே வினாவைத் திரையின் முன் எழுப்பாமைக்குக் காரணம் ஏதுமில்லை.

தமிழாய்வின் பொறுப்பு

இவ்வினா தமிழாய்வுக்கு வெளியே நிற்பதன்று. கத்தோலிக்க – புராட்டஸ்டண்டுப் பூசலின் மூல ஆவணங்கள் தமிழிலேயே உள்ளன. 1706இல் டேனிய அரசரின் ஆதரவில் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபின், லூத்தரன் சபையார்க்கும் மதுரை மிஷனைச் சார்ந்த இயேசு சபையார்க்கும் இடையில் எழுந்த பூசல், தமிழ் உரைநடையில் நிகழ்ந்தது. வீரமாமுனிவர் 1728இல் வேதவிளக்கம் எழுதினார். தரங்கம்பாடியார் திருச்சபை பேதகம் வெளியிட்டனர். அதற்கு மறுப்பாகப் பேதகமறுத்தல் எழுந்தது. லூத்தரினத்தியல்பும் இவ்வரிசையினதே. எதிர்த்தரப்பின் மறைநூல் மொழிபெயர்ப்பில் உள்ள தமிழையும் முனிவர் எள்ளினார். ஐரோப்பாவில் தூக்குமரம் செய்த வேலையை இங்கு இலக்கணமும் ஏளனமும் செய்தன.

இந்நூல்கள் தமிழ்த் துறைகளில் எவ்வாறு பயிலப்படுகின்றன? ‘தமிழ் உரைநடை வளர்ச்சி’ என்னும் மரியாதையான தலைப்பின்கீழ் அவற்றின் பெயர்கள் பட்டியலிடப்படுகின்றன. ‘கிறித்தவர் தமிழ்த்தொண்டு’ என்னும் சட்டகம் சீகன்பால்கையும் வீரமாமுனிவரையும் ஒரே வரிசையில் அமர்த்தி மாலை சூட்டுகிறது. அவர்கள் ஒருவரையொருவர் பொய்ம்மறையார் என்று கருதினர் என்பது பாடநூலில் இடம்பெறுவதில்லை. பூசலை மறைப்பது நல்லிணக்கம் என்று கருதப்படுவதே இதற்குக் காரணம். ஆனால் பாடம் விட்ட இடத்தைப் படம் நிரப்புகிறது. கிறித்தவத்தின் உட்பிளவைப் பற்றி மாணவர் அறிவதெல்லாம் திரையில் கண்ட கறுப்பு அங்கியும் குத்துவாளுமே என்றால், அதற்குத் திரைப்படத்தை மட்டும் குறைகூற இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன:

1. வரலாற்றுப் படங்களின் நாள்பிறழ்வுகளை எண்ணுவதைக் காட்டிலும் அவற்றின் திசையை ஆராய்வதே திறனாய்வின் பணி. நிகழ்ச்சி வரிசை மாறும்போது ஒடுக்குமுறையின் காரணமும் மாறிவிடுகிறது.

2. சமய ஒடுக்குமுறை சட்டத்தின் வழியாகவும் அண்டை வீட்டாரின் வழியாகவும் நிகழ்கிறது. அதனைச் சதிகாரர், நச்சுத் தாய், வெறிகொண்ட அரசர் எனத் தனிமனிதராகச் சுருக்கும் படம், எத்தரப்பைச் சார்ந்ததாயினும், வரலாற்றை மறைக்கிறது.

3. ஒரு சமயத்தாரின் கொலையை வெறி என்றும் மற்றவரின் கொலையை நாட்டுப் பாதுகாப்பு என்றும் பெயரிடும் கதை சமயப் பொறையைக் கற்பிக்காது.

4. வேதவிளக்கத்தையும் திருச்சபை பேதகத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரு தரப்பின் வாதங்களையும் அவரவர் சொற்களிலேயே பயிற்றுவிக்கத் தமிழ்த் துறைகள் முன்வர வேண்டும். இரு தரப்பையும் படித்துப் பழகிய மாணவர், திரையில் ஒரு தரப்பு மட்டும் பேசும்போது மற்றத் தரப்பு எங்கே என்று கேட்பார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார் என்னும் பெயர்களின் இடத்தில் வேறு பெயர்கள் வரும்போதும் அக்கேள்வி அவர்க்குத் துணைநிற்கும்.